பதினேழு நோட்டும் ஒரு கையெழுத்தும்

காலை ஆறு நாற்பதுக்குக் கவர்னர் லாக்கரைத் திறந்து எண்ணினார். நூறு டாலர் நோட்டுகள் ஐந்து இருக்க வேண்டிய பையில் நான்குதான் இருந்தன. விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். எச்சில் தொட்டு எண்ணினாலும் நான்கு நான்குதான்.

"இங்க வா," என்றார்.

குளியலறையில் பல் துலக்கிக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு, வாய் நிறைய நுரையோடு, எதற்கு அழைக்கிறார் என்று விளங்கிவிட்டது. ஐந்தாவது நோட்டை எடுத்தவளே அவள்தான். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட மனதில் மடித்து வைத்திருந்தாள். கப்பல் ஊர் திரும்ப இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே, அவர் வயிறு நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். வாயைக் கொப்பளித்து, முகம் துடைத்து, நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு அவள் கதவைத் திறப்பதற்குள் கவர்னர் தொலைபேசியை வைத்துக்கொண்டிருந்தார்.

"திருட்டு," என்றார். "செக்யூரிட்டிக்குச் சொல்லிட்டேன். நோட்டு நம்பரும் குடுத்துட்டேன். இனி அந்தத் துண்டுக்காரன் எங்க ஓடுவான்? சுத்தி கடல்."

மடித்து வைத்த வாக்கியத்தை அவள் மடித்தபடியே வைத்துக்கொண்டாள்.

கவர்னர் எந்த நாட்டுக்கும், எந்த மத்திய வங்கிக்கும் கவர்னராக இருந்தவரல்ல. ஒரு சாதாரண வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் எழுத்தராக உட்கார்ந்து, முப்பத்தொரு வருடம் கழித்துத் தலைமை எழுத்தராக எழுந்தவர். ஆனால் கையெழுத்து மட்டும் அசல் கவர்னர் கையெழுத்து. நோட்டில் அச்சாவதற்கென்றே இளமையில் பழகியது. முதல் எழுத்து கோபுரம் போல எழும்பும். கடைசி எழுத்து வாலாக நீண்டு, வளைந்து, கீழே இரண்டு புள்ளி வைத்து அடங்கும். நோட்டு அடிப்பவர்கள் கடைசிவரை அதைக் கேட்டு வரவில்லை. ஆகவே பால் அட்டையிலும் சலவைச் சீட்டிலும் போட்டு ஆற்றாமையைத் தீர்த்துக்கொண்டார். அதைப் பார்த்து அவள் தம்பி வைத்த பெயர்தான் கவர்னர். அவன் கேலிக்கு வைத்தான். அவர் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கைக்கு வரும் ஒவ்வொரு வெளிநாட்டு நோட்டின் எண்ணையும் நீல அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதிவைப்பார். தினமும் காலையில் நோட்டையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பார். முப்பத்து நான்கு வருடமாக இதைப் பார்த்து வந்தவளுக்கு அது சுவர்க்கடிகாரத்தின் டிக்டிக் மாதிரி. காதில் விழும், கருத்தில் விழாது. நோட்டை எடுத்த அன்றைக்கு அந்த நீலப் புத்தகம் அவள் ஞாபகத்துக்கே வரவில்லை.

எடுத்ததற்குக் காரணம் இருந்தது. அது பயணத்தின் முதல் நாளே தொடங்கியது.

இந்த மாதிரிக் கப்பல்களில் ஊழியர்களுக்கான டிப்ஸ் தொகையை நாளொன்றுக்கு இவ்வளவு என்று அறைக் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள். கவர்னர் பெட்டியை அறையில் வைத்த கையோடு வரவேற்பு மேசைக்குப் போய், அதை நீக்கச் சொன்னார். "நன்றிங்கறது மனசுலேர்ந்து வரணும். பில்லுல வரக்கூடாது," என்றார். மேசையில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே நீக்கினாள். அந்தச் சிரிப்பு ஒரு கணம் கவர்னர் மனைவியின் பக்கம் திரும்பியபோது அதில் சிரிப்பு இல்லை. "எத்தனாவது மாடி, எந்த அறை?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி மாடி முழுக்கத் தெரிந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டாம்.

அந்த மாடியில் பதினெட்டு அறைகளைப் பார்த்துக்கொண்ட ஊழியர்தான் துண்டுக்காரர். நாற்பது வயது தாண்டியவர், முன்மண்டை வழுக்கை. மாலையில் படுக்கை விரிக்க வரும்போது குளியல் துண்டுகளை மடித்து யானை, அன்னம், முயல் என்று ஏதாவது ஒரு பிராணியைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுப் போவார். பெயர் சட்டையில் எழுதியிருந்தது. கவர்னருக்கு அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி எடுக்க மனம் வேண்டும். துண்டுக்காரன் என்றே வைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. கடலுக்குக் கவர்னர் யாரென்று தெரியவில்லை. மனிதர் கட்டிலில், கம்பளத்தில், ஒருமுறை தன் காலணிக்குள்ளேயே வாந்தி எடுத்தார். துண்டுக்காரர் ஒரே பகலில் நான்கு தடவை விரிப்பு மாற்றினார். முகம் சுளிக்கவில்லை. காலணியைக் கழுவி, காகிதம் அடைத்து, காற்றாடும் இடத்தில் வைத்தார். டிப்ஸை நீக்கிய அறை என்று தெரிந்தேதான் அத்தனையும் செய்தார். கவர்னர் மனைவிக்கு அதுதான் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் அவள் துண்டுக்காரரிடம் மெல்லக் கேட்டாள்.

"தம்பி, எங்க ஊர் நோட்டு குடுத்தா உங்களால மாத்த முடியுமா?"

"எது குடுத்தாலும் சந்தோஷம்தாம்மா."

"சந்தோஷத்தைக் கேக்கல. மாத்த முடியுமா?"

துண்டுக்காரர் தலையணை உறையை உதறினார். "எங்க சாப்பாட்டுக் கூடத்துல ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும்மா. மாத்த முடியாத நோட்டெல்லாம் அதுல போட்டு வச்சிருக்கோம். சீட்டாடும்போது எடுப்போம். தோத்தாலும் வலிக்காது பாருங்க."

நேற்று சாயங்காலம் கவர்னர் சொற்பொழிவு ஆற்றினார். அவர்களோடு ஒரே சுற்றுலாக் குழுவாக வந்த நாற்பது பேர், அன்பளிப்பை எந்த நாணயத்தில் கொடுப்பது என்று குழம்பிப்போய் இருந்தார்கள். குழம்பாதவர்களையும் குழப்பி, எல்லாரையும் சின்ன அரங்கில் உட்காரவைத்தார். பலகையில் மூன்று பத்தி கிழித்தார். டாலர், இறங்கும் துறைமுகத்தின் பணம், நம் பணம். முதல் இரண்டையும் குறுக்கே அடித்தார்.

"நம்ம நோட்டு எந்த நோட்டுக்கும் சளைச்சதில்ல. டாலர்ல டிப்ஸ் குடுக்கறவன் தன் கையாலயே தன் நாட்டு மதிப்பைக் குறைக்கறான்."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அவங்க இதை எங்க சார் மாத்துவாங்க?" என்றார்.

"அது அவங்க பிரச்சினைன்னு நினைக்காதீங்க. அவங்களுக்கு நாம குடுக்கற வாய்ப்பு," என்றார் கவர்னர். கைதட்டினார்கள். மதிப்பும் குறையாமல், செலவும் குறைவதாக ஒரு கொள்கை கிடைத்தால் யார்தான் தட்டமாட்டார்கள்? அப்படியானால் உங்கள் லாக்கரில் ஐந்நூறு டாலர் எதற்கு என்று கேட்க அங்கே யாருக்கும் தெரியாது. அது கப்பல் கடையில் அவர் பார்த்து வைத்திருந்த கைக்கடிகாரத்துக்கு.

கைதட்டல் ஓய்வதற்குள் அவள் தலைவலி என்று எழுந்து அறைக்கு வந்துவிட்டாள். துண்டுக்காரர் கட்டிலில் ஒரு குரங்கைச் செய்து முடிக்கும் தறுவாயில் இருந்தார். அவள் லாக்கரைத் திறந்தாள். அதன் எண் மத்திய வங்கி தொடங்கிய நாள். கல்யாண நாளை வைத்தால் மறந்துபோகும் அபாயம் இருந்தது. இருபது வருடமாகப் பள்ளிச் சீருடை தைத்துச் சேர்த்த சொந்தப் பணத்திலிருந்து பதினேழு பெரிய நோட்டும் ஒரு சின்ன நோட்டும் எண்ணிப் பையின் பின்னறையில் செருகினாள். கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சேர்த்து வைத்தாள். முன்னறையிலிருந்து ஒரு நூறு டாலரை எடுத்தாள். அன்றைய செய்தித்தாளில் போட்டிருந்த டாலர் விலைக்குச் சரியான மாற்று. கவர்னருக்கு ஒரு பைசா நட்டமில்லை.

"இதை வச்சுக்கங்க. சார் கிட்ட மட்டும் சொல்லாதீங்க."

துண்டுக்காரர் நோட்டையும் அவளையும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார். "சொல்ல மாட்டேன்மா," என்றார்.

அந்த நல்ல காரியத்துக்குத்தான் இப்போது செக்யூரிட்டி கிளம்பியிருந்தது.

காலைச் சாப்பாட்டுக்குப் போனபோது கவர்னர் மேசை மேசையாக நின்று கதை சொன்னார். ஒவ்வொரு மேசையிலும் திருடன் இன்னும் கொஞ்சம் தந்திரசாலியானான். எட்டேமுக்காலுக்கு ஒரு சீருடைக்காரர் வந்து அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கவர்னர் கரண்டியால் தம்ளரைத் தட்டாத குறை.

"அகப்பட்டாச்சு. அவன் அலமாரியில இருந்ததாம், சட்டை மடிப்புக்குள்ள. நம்பர் ஒரு எண் பிசகல. பத்தரைக்கு நாம போய் எழுதிக் குடுக்கணும். பதினோரு மணிக்கு அவனை இங்கயே இறக்கிடறாங்க."

கப்பல் அதற்குள் ஒரு துறைமுகத்துக்கு வந்து கட்டியிருந்தது. பன்னிரண்டுக்குக் கிளம்பும். சாளரத்துக்கு வெளியே கான்கிரீட் மேடையும், மஞ்சள் கோடும், ஒரு காவல் கூண்டும் தெரிந்தன. கவர்னர் மனைவி ரொட்டித் துண்டை வாயில் வைத்தபடி அந்த மஞ்சள் கோட்டையே பார்த்தாள்.

கவர்னர் அடுத்த மேசைக்கு நகர்ந்ததும், அதே குழுவில் வந்திருந்த தன் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளித்தளத்துக்குப் போனாள். தம்பி தண்ணீர் பம்பு பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். எந்தச் சிக்கலையும் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கிறவன்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கத்தான் தொடங்கினான். பாதியில் நிறுத்திவிட்டான்.

"நீ எடுத்தியா? அத்தான் லாக்கர்லேர்ந்தா? அக்கா, உனக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்காளா?"

"விளையாடாதடா. அந்த மனுஷனை இறக்கிடுவாங்க."

"சரி, இரு. என்கிட்ட நூறு டாலர் இருக்கு. பையில போட்டுடு. மெத்தைக்கு அடியில கிடந்துச்சுன்னு சொல்லு. முடிஞ்சது."

"நம்பர் எழுதி வச்சிருக்காருடா. அதே நம்பர் அவர் அலமாரியில கிடைச்சிருக்கு."

தம்பி தலையைச் சொறிந்தான். "நோட்டுக்கு ஜாதகம் எழுதி வைக்கற மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்." கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே மேடையை எட்டிப் பார்த்தான். "அந்த ஆளு உன் பேரைச் சொல்லலியா?"

"சொல்லியிருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பாங்களே."

"அப்போ அவர் வாயைத் திறக்கல. நீயும் திறக்கலேன்னா..." அவன் முடிக்கவில்லை. "அத்தான் என்ன பண்ணுவார்? கத்துவார். ரெண்டு நாள் சாப்பிட மாட்டார்."

"கத்தினா பரவாயில்ல. கத்த மாட்டார். ஊருக்குப் போனதும் என் தையல் பணம் மொத்தத்தையும் கேட்டு வாங்கி, 'இனி நான் பாத்துக்கறேன்'னு பீரோவுல வச்சுடுவார். ஒரு நூல்கண்டு வாங்கணும்னாலும் சீட்டெழுதிக் கேக்கணும்."

அது பொய்ப் பயமல்ல. கவர்னரின் தங்கை வீட்டில் அப்படித்தான் நடந்தது. யோசனை சொன்னவரே கவர்னர்தான்.

மணி பத்து இருபது. தம்பி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "நானும் வர்றேன். அத்தான் பேசும்போது கை தட்ட ஒரு ஆள் வேணுமே."

பாதுகாப்பு அலுவலகம் கீழ்த்தளத்தில், கம்பளம் முடிந்து வெறும் இரும்புத் தரை தொடங்கும் இடத்தில் இருந்தது. பயணிகள் பக்கத்து வாசனைத் திரவியம் அங்கே எட்டவில்லை. எண்ணெயும் சோப்பும் கலந்த வாடை. சின்ன அறை. மேசைக்குப் பின்னால் குட்டை முடி வெட்டிய அதிகாரியம்மாள். மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அந்த நூறு டாலர், ஏதோ பூச்சியைப் பிடித்துவைத்த மாதிரி. எதிர் நாற்காலியில் துண்டுக்காரர். சீருடையைக் கழற்றிவிட்டிருந்தார்கள், சொந்தச் சட்டையில் வேறு யாரோ போல இருந்தார். கதவருகே அவருடைய பெட்டி, ஜிப் இழுத்து மூடி, அட்டை கட்டித் தயாராக நின்றது.

துண்டுக்காரர் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கவனமாகப் பார்க்காமல் இருந்தார்.

கவர்னர் உட்கார்ந்து, லாக்கர்ப் பையையும் நீலப் புத்தகத்தையும் மேசையில் வைத்து, கண்ணாடி மாட்டி, நோட்டு எண்ணை வாசித்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டார், தீர்ப்பு வாசிப்பவர் போல. அதிகாரியம்மாள் உறையிலிருந்த நோட்டோடு ஒப்பிட்டுத் தலையாட்டினாள். பிறகு துண்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா கேக்கறேன். இது எப்படி வந்தது?"

"ஒரு பயணி குடுத்தாங்க."

"எந்தப் பயணி?"

"சொல்றதுக்கில்லைங்க."

"அம்பது டாலருக்கு மேல அன்பளிப்பு வாங்கினா அறைக்காரங்க கையெழுத்து போட்ட சீட்டு வேணும். தெரியும்தானே?"

"தெரியுங்க. பதினாலு வருஷமா கப்பல்ல இருக்கேன்."

"சீட்டு எங்க?"

"வாங்கல."

"சொல்லாம இறங்கினா உங்க கப்பல் வேலைப் புத்தகத்துல என்ன எழுதுவாங்கன்னும் தெரியுமா?"

துண்டுக்காரர் மேசை விளிம்பைப் பார்த்தார். "அதுவும் தெரியுங்க." சுவரில் மணி பத்து முப்பத்தெட்டு. அவர் கைகள் முழங்கால் மேல் இருந்தன. ஒரு கை மற்றதை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தது, துண்டு இல்லாமலே.

"நான்தான் குடுத்தேன்," என்றாள் அவள்.

குரல் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. கவர்னர் திரும்பிப் பார்த்து, அதிகாரியம்மாளிடம் புன்னகை செய்தார்.

"இளகின மனசு. ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. டிவியில யாராவது அழுதாக்கூட இவ எழுந்து போய் மூஞ்சி கழுவிட்டு வருவா."

அதிகாரியம்மாளும் பேனாவை எடுக்கவில்லை. "அம்மா, பாவம் பார்த்துச் சொல்லாதீங்க. மாசத்துக்கு ஒருத்தர் இப்படி வந்து சொல்றாங்க. கடைசியில எங்களுக்குத்தான் தலைவலி."

அவளுக்குத் திகைப்பாக இருந்தது. உண்மையைச் சொல்லத்தான் தைரியம் வேண்டும் என்று நினைத்திருந்தாள். சொன்ன பிறகு அதை நம்பவைக்கவும் வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதிகாரியம்மாள் ஒரு தாளைக் கவர்னர் பக்கம் நகர்த்தினாள். திருட்டுப் புகார். கவர்னர் பேனா மூடியைத் திருகினார்.

"அந்தப் பையோட பின்னறையைத் திறங்க," என்றாள் அவள்.

"எதுக்கு?"

"திறங்க."

"அதுல நம்ம ஊர் நோட்டுதான் இருக்கும், வேற என்ன?"

"எத்தனை?"

கவர்னர் பேனா மூடியை மறுபடி திருகினார். தம்பி சுவரில் சாய்ந்தபடி, "சொல்லுங்க அத்தான். நம்பர்கூட வேண்டாம், எண்ணிக்கை போதும்," என்றான்.

டாலரைத் தினம் காலையில் எண் பார்த்துத் தாலாட்டியவர், நம் நோட்டை ஒருநாளும் எண்ணியதில்லை. அவள் கையை நீட்டிப் பையை எடுத்தாள். முப்பத்து நான்கு வருடத்தில் அவர் கண்ணெதிரே அவர் பையைத் தொடுவது அதுவே முதல் தடவை. பின்னறையைத் திறந்து, தான் செருகிய கட்டை மட்டும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். பதினேழு பெரியது. ஒன்று சின்னது. மேலே துண்டுச் சீட்டு. அளவெடுக்கும் சீட்டின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்தில் தேதி, விலை, பெருக்கல். முன்பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளையின் தோள் அளவும் கை நீளமும்.

அதிகாரியம்மாள் சீட்டை எடுத்துப் படித்தாள். மெதுவாகப் பேனாவை எடுத்தாள்.

"நேத்து சாயங்காலம் நீங்க மேடையில பேசிட்டு இருக்கும்போது," என்றாள் அவள் கவர்னரிடம். "திருடல. மாத்திக்கிட்டேன். என் தையல் பணம்."

"என்கிட்ட கேக்காம?"

"கேட்டா மாத்தியிருப்பீங்களா?"

"அது வேற விஷயம். எடுத்தது எடுத்ததுதான். டாலர் நோட்டு அஞ்சு இருந்தது, இப்ப நாலு இருக்கு. நூறு டாலர் காணாம போயிருக்கு. அதுதான் உண்மை."

"அப்போ இது என்ன?" அவள் பதினேழு நோட்டின் மேல் விரலை வைத்தாள். "இது பணமா, இல்லையா?"

கவர்னர் நீலப் புத்தகத்தை மூடித் தன் பக்கம் இழுத்தார்.

"நேத்து நாப்பது பேர் முன்னாடி சொன்னீங்க. எந்த நோட்டுக்கும் சளைச்சதில்லேன்னு. சளைச்சதில்லேன்னா ஒண்ணுமே காணாம போகல. காணாம போச்சுன்னு இதுல கையெழுத்து போட்டீங்கன்னா, இது வெறும் காகிதம்னு எழுதிக் குடுத்த மாதிரி. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. மணி ஆகுது."

இரும்புத் தரைக்குக் கீழே எங்கோ ஒரு இயந்திரம் உறுமத் தொடங்கியது. அறை லேசாக அதிர்ந்தது. பதினேழு நோட்டின் ஓரங்களும் சேர்ந்து நடுங்கின. பத்து நாற்பத்தொன்பது. கதவைத் தட்டி ஒரு காவலாள் தலையை நீட்டினார். "வண்டி வந்துடுச்சு மேடம். பெட்டியை எடுத்துட்டுப் போகவா?"

"ஒரு நிமிஷம்," என்றாள் அதிகாரியம்மாள். வேறொரு தாளை எடுத்தாள். பச்சை நிறம், பாதி அளவு. "அன்பளிப்புச் சீட்டு. விஷயம் தெரிஞ்சுதான் கொடுக்கப்பட்டதுன்னு கையெழுத்து. அறை யார் பேர்ல பதிவோ அவங்கதான் போடணும். அம்மா போட்டா செல்லாது." அதைப் புகார்த்தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். "எதுன்னு நீங்களே பார்த்துக்கங்க சார்."

கவர்னர் ஒரு தாளைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். "இதுல போட்டா, நான் டாலர்ல டிப்ஸ் குடுத்ததா ஆகும்."

"ஆமா சார்."

"குழுவுல யாருக்காவது தெரிஞ்சா?"

"நான் சொல்ல மாட்டேன் அத்தான்," என்றான் தம்பி. "சொல்லாம இருக்க எவ்வளவு கஷ்டப்படுவேன்னு உங்களுக்கே தெரியும். இருந்தாலும் சொல்ல மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. துண்டுக்காரர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, கவர்னரின் கையைப் பார்த்தார். முகத்தையல்ல. பேனா பிடித்த கையை மட்டும். அவளும் அதையேதான் பார்த்தாள். அந்தக் கை புகார்த்தாள் பக்கம் ஓர் அங்குலம் போனது. நின்றது. ஆட்காட்டி விரல், பழக்க தோஷத்தில், மேசையிலிருந்த நோட்டுக் கட்டைத் தொட்டுச் சரிசெய்தது. எந்த மூலையும் துருத்தாமல் அடுக்கியது. பிறகு பச்சைச் சீட்டை இழுத்தது.

தொகை என்ற கட்டத்தில் கவர்னர் நம் பணத்தில் எழுதினார், பதினேழு நோட்டின் மதிப்பை, எழுத்தாலும் எண்ணாலும்.

அதிகாரியம்மாள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "எந்தப் பணம் கொடுத்தீங்களோ அந்தப் பணத்துல எழுதணும் சார். இதை அடிச்சிட்டு டாலர்னு எழுதுங்க. அடிச்ச இடத்துலயும் ஒரு கையெழுத்து."

கவர்னர் நம் பணத்தைத் தன் கையாலேயே குறுக்கே அடித்தார். மேலே நூறு டாலர் என்று எழுதினார். அடித்த இடத்தில் ஒன்று, கீழே ஒன்று, இரண்டு கையெழுத்து. கோபுரம் எழும்பியது, வால் நீண்டு கட்டத்தைத் தாண்டி அதிகாரியம்மாளின் முத்திரை வைக்கும் இடம்வரை போனது, இரண்டு புள்ளி. ஆயுள் முழுக்கப் பழகிய அந்தக் கையெழுத்து கடைசியில் ஒரே ஒரு நோட்டைச் செல்லுபடியாக்கியது. அதுவும் பிறத்தியார் நாட்டு நோட்டு.

அதிகாரியம்மாள் முத்திரை குத்தினாள். உறையைப் பிரித்து நூறு டாலரைத் துண்டுக்காரரிடம் கொடுத்தாள். காவலாளிடம், "பெட்டியை அவர் அறைக்கே கொண்டு போங்க," என்றாள். பிறகு துண்டுக்காரரிடம், குரலை இறக்காமலே, "சீட்டு இல்லாம வாங்கினதுக்கு எச்சரிக்கை எழுதித்தான் ஆகணும். அடுத்த மாசம் மாடிப் பொறுப்பு உங்களுக்கு வர வேண்டியது. இந்த வருஷம் இருக்காது," என்றாள்.

"பரவாயில்லைங்க," என்றார் துண்டுக்காரர்.

வெளியே வரும்போது அவர் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஏதாவது சொல்ல நினைத்தாள். மன்னிப்பா, நன்றியா, எதுவென்று தெரிவதற்குள் தாண்டி வந்துவிட்டாள். அவள் தம்பி மட்டும் அவர் தோளில் தட்டிவிட்டு வந்தான்.

லிப்டில் மூன்று மாடி ஏறும்வரை கவர்னர் நோட்டுக் கட்டை எண்ணிக்கொண்டு வந்தார். நான்காவதில் தொண்டையைச் செருமினார்.

"எந்தத் தேதி ரேட்டு போட்டே?"

"நேத்து பேப்பர்ல இருந்தது."

"நேத்து ரேட்டுன்னா சின்ன நோட்டு அதிகம். திருப்பித் தரணும்."

"வச்சுக்கங்க," என்றாள் அவள். "என் தையல் பெட்டி கணக்கை நான் பாத்துக்கறேன். ஊருக்குப் போனாலும்."

கவர்னர் லிப்டின் எண் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது போதும். கப்பல் பன்னிரண்டுக்குக் கிளம்பியது. மஞ்சள் கோட்டில் யாரும் பெட்டியோடு நிற்கவில்லை என்பதைச் சாளரம் வழியாக இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

மாலையில் அறைக்குத் திரும்பியபோது படுக்கை விரித்திருந்தது. விரிப்பில் சுருக்கமில்லை. தலையணை நிமிர்ந்திருந்தது. கட்டிலின் மேல் யானை இல்லை, அன்னம் இல்லை. துண்டுகள் நான்கும் சதுரமாக, விதிப்புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மேல் துண்டின் மடிப்பைத் தடவிப் பார்த்தாள். கத்தி மாதிரி நேராக இருந்தது.

கவர்னர் நாளை கொடுப்பதற்கான கவரை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே நம் நோட்டு, வெளியே வாழ்த்து வாசகம், கீழே கையெழுத்து. கண்ணாடிக்கு மேலாகக் கட்டிலைப் பார்த்தார்.

"இன்னைக்குப் பொம்மை ஒண்ணும் செய்யலையே. இவ்வளவு செஞ்சும் திமிர் பாரு. இதுலேர்ந்து ஒரு நோட்டைக் குறைச்சுட வேண்டியதுதான்."

"குறைங்க," என்றாள் அவள். "பிஸ்கட் டப்பாவுல இடம் மிச்சம்."

கவர்னர் கவரிலிருந்து கையை எடுத்தார்.

"எந்த பிஸ்கட் டப்பா?"